எலியை எண்ணுவது எப்படி?

போன சம்பாப் பயிர் கதிர் வாங்கும் முன்பே எங்கள் வயலில் எலிவெட்டு ஆரம்பித்துவிட்டது. தாத்தா கேட்டார்: "டேய், பெரிய படிப்பு படிக்கிறியே, நம்ம கழனியில எத்தினி எலி இருக்குதுன்னு சொல்லு பார்ப்போம்!" வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவன் நான். பதில் தெரியாமல் முழித்தேன். பிறகு தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

எல்லா எலியையும் பிடிக்கத் தேவையில்லை. கூண்டு வைத்து உயிரோடு 40 எலி பிடிக்கிறோம். அடையாளம் போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிறோம். சில நாள் கழித்து மறுபடி கூண்டு வைத்தால் 50 எலி விழுகிறது. அதில் 10-க்கு அடையாளம் இருக்கிறது, அதாவது ஐந்தில் ஒன்று. அப்படியானால் மொத்தக் கூட்டத்திலும் ஐந்தில் ஒன்றுக்குத்தான் அடையாளம். அந்த ஒரு பங்கு 40 என்றால் மொத்தம் 200! நம் சாம்பிளிங் பாடம்தானே இது? இதற்கு லிங்கன்-பீட்டர்சன் முறை என்று பெயர்.

ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. இடையில் வெளி எலிகள் வந்து சேர்ந்தால், முதலில் இருந்ததைவிடக் கணக்கு கூடிப்போகும். ஒருமுறை மாட்டிய எலி பயந்து கூண்டுப் பக்கமே வராவிட்டாலும் அப்படித்தான். கருவாட்டு ருசி கண்ட எலியே திரும்பத் திரும்ப வந்தால் கணக்கு குறைந்துவிடும்.

அதனால்தான் இந்த ஆராய்ச்சிக்குத் தீவு பொருத்தமானது. சுற்றிலும் கடல், வரத்தும் இல்லை, போக்கும் இல்லை. நீலகிரியில் புல்வெளி நடுவே திட்டுத்திட்டாக நிற்கும் சோலைக்காடுகளும் ஒருவகைத் தீவுகளே. அங்குள்ள எலி, மூஞ்சூறு போன்றவற்றை ஆராய்ந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் ஷங்கரும் ஆர். சுகுமாரும் 1998-ல் கட்டுரை வெளியிட்டார்கள்.

எண்ணி என்ன லாபம் என்கிறீர்களா? தெற்கு அட்லாண்டிக்கில் கஃப் என்றொரு தீவு. கப்பலில் வந்திறங்கிய சுண்டெலிகள் அங்கே ஆல்பட்ராஸ் பறவையின் குஞ்சுகளைக் கடித்துத் தின்கின்றன. 2021-ல் ஹெலிகாப்டரில் விஷ இரை தூவினார்கள். அந்த டிசம்பரிலேயே ஒரு சுண்டெலி உயிரோடு தென்பட்டது. சில எலி மிஞ்சினாலே போதும், தீவு மறுபடி நிறைந்துவிடும்!

எங்கள் வயல் தீவு அல்ல. ஒரு பக்கம் கம்பெனி காம்பவுண்டு, மறுபக்கம் ரோடு என்றாலும் ஏரிக்கரை வழியாக எலி வந்துபோகும். அதனால் வேறு வழி பார்த்தோம். சாயங்காலம் 31 வளைகளையும் மண்ணால் மூடினோம். காலையில் 12 மட்டும் திறந்திருந்தன. அந்தப் பன்னிரண்டில் மட்டும் மருந்து வைத்தோம். மருந்துச் செலவு பாதிக்கு மேல் மிச்சம்.

"எத்தினி எலின்னு நீ இன்னும் சொல்லலியே" என்று தாத்தா சிரித்தார். "ஆனா எங்க இருக்குதுன்னு சொல்லிட்ட. அது போதும்டா."