மீண்டும் வந்த கிழவர்

ஊரை விட்டுப் போன பெரியவர் ஒருவர் இருபத்தெட்டு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறார் என்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? முதல் நாள் மாலையும் கையுமாக ரயிலடிக்குப் போவார்கள். இரண்டாம் நாள், "பெரியவர் முன்போல் இல்லையே!" என்று காதோடு காதாகப் பேசிக்கொள்வார்கள். மூன்றாம் நாள், "எப்போது திரும்பிப் போகிறாராம்?" என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். 2024-ஆம் வருஷம் ஜூலை 12-ஆம் தேதி வெளியான 'இந்தியன் 2' படத்தில் வந்த சேனாபதிக் கிழவருக்கு ஏறக்குறைய இந்தக் கதிதான் நேர்ந்தது.

கிழவரை நேயர்களுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1996-ஆம் வருஷம் மே மாதத்தில் ஷங்கரின் 'இந்தியன்' வந்தது. நேதாஜியின் சேனையில் இருந்த முதியவராகவும், அவருடைய மகனாகவும் கமல்ஹாசன் இரட்டை வேடம் பூண்டார். சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் அவருக்குக் கிடைத்தது. லஞ்சம் கொடுக்க மறுத்ததால் சிகிச்சையின்றி மகள் மாண்டு போவதும், லஞ்சம் வாங்கிக்கொண்டு பழுதான பஸ்ஸை ஓடவிட்டுப் பள்ளிக் குழந்தைகளைப் பலி கொடுத்த மகனைத் தந்தையே கொல்வதும் அந்தக் கதை. கடைசியில் கடல் கடந்த தேசத்திலிருந்து டெலிபோனில் பேசி, தேவைப்பட்டால் மறுபடியும் வருவேன் என்று எச்சரித்துவிட்டுக் கிழவர் மறைந்தார். அந்த வாக்கை நிறைவேற்ற அவருக்கு இருபத்தெட்டு வருஷம் பிடித்தது.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நாமும் சில நண்பர்களும் குடும்ப சகிதமாகத் திருநெல்வேலிக்குப் போய்ப் படத்தைப் பார்த்தோம். விளக்கு அணைந்தபோது கொட்டகையில் எழுந்த கரகோஷம் பிரமாதமாயிருந்தது. 2021-ஆம் வருஷத்திலேயே காலமாகிவிட்ட விவேக்கும் நெடுமுடி வேணுவும் திரையில் தோன்றியபோது சிலர் கைதட்டினார்கள். எமக்கு அருகில் இருந்த அம்மாள் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் இடைவேளைக்குப் பிறகு கொட்டகையில் வேறொரு சத்தம் கேட்கலாயிற்று. அது பெஞ்சியில் உட்கார்ந்தபடியே மனிதர்கள் நெளிகிற சத்தம். பாடம் நடத்திப் பழகிய எம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் சத்தத்தின் பொருள் நன்றாகத் தெரியும்.

வெளியே வந்ததும் அபிப்பிராயங்கள் பொழிந்தன. "ஸார், கணக்கு உதைக்கிறதே! 1943-ல் இருபது வயசு என்று வைத்தாலும் இப்போது நூற்றொன்று. நூற்றொரு வயசில் இத்தனை பேரையா அடிப்பார்?" என்றான் எம் மாணாக்கன் ஒருவன். படம் மூன்று மணி நேரம் என்பது தாய்மார்களின் குறை. ஏ. ஆர். ரஹ்மானின் சங்கீதம் இல்லையே என்பது வாலிபத்தைக் கடந்தவர்களின் குறை. அறுபதைத் தாண்டிய நண்பர் மட்டும் வெகு நேரம் பேசாமல் வந்தார். பிறகு, "நான் அந்தக் கிழவனைப் பாக்க வந்தேன்வே. இவரு வேற யாரோ" என்றார்.

தமிழ்நாடு முழுவதிலும் ஏறக்குறைய இதே பேச்சாகத்தான் இருந்தது. ஒரு வாரத்துக்குள் படத்திலிருந்து சுமார் 12 நிமிஷத்தைக் கத்தரித்துவிட்டதாகத் தயாரிப்பாளர்களே அறிவித்தார்கள். ஆனால் ஜனங்களின் மனத்தாங்கல் பன்னிரண்டு நிமிஷத்தில் அடங்கியிருக்கவில்லை.

காலம் தாழ்ந்து வந்ததுதான் குற்றமா? மேல் நாட்டு அனுபவத்தைப் பார்ப்போம். 'இண்டியானா ஜோன்ஸ்' வரிசையில் முதல் படம் 1981-ல் வந்தது. ஐந்தாம் படம் 2023-ல் வந்தபோது ஹாரிஸன் போர்டுக்கு வயது 80. கதாநாயகர் ஒரு தொல்பொருள் ஆராய்ச்சிப் பேராசிரியர். (ஆற்றுக்கு அக்கரையில் ஆதிச்சநல்லூர்ப் பறம்பை வைத்துக்கொண்டிருக்கும் நமக்குத் தொல்பொருள் ஆராய்ச்சி என்றால் சாட்டையும் தொப்பியும் அல்ல, சிறு தூரிகையும் பெரும் பொறுமையும் என்பது தெரியும். அது போகட்டும்.) ஆரம்பக் காட்சிகளில் யந்திர வித்தையால் அவர் முகத்தை இளமையாக்கிக் காட்டினார்கள். அதை வியந்தவர்களும் உண்டு, சுளித்தவர்களும் உண்டு. இதற்கு மாறாக, 1986-ல் வந்த 'டாப் கன்' படத்தின் இரண்டாம் பாகம் 36 வருஷம் கழித்து 2022-ல் வந்தபோது உலகமே அதைக் கொண்டாடிற்று. அங்கே கதாநாயகன் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் அழைக்கப்படுகிறான். ஆனால் ஆபத்து வரும்போது அவர்களுக்கு முன்னால் தானே விமானத்தில் ஏறுகிறான்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. முதல் 'இந்தியன்' படத்தில் சேனாபதி கேட்ட விலையை அவரே கொடுத்தார். மகளைக் கொடுத்தார்; பிறகு தம் கையாலேயே மகனையும் கொடுத்தார். அந்தத் தண்டனை சரியா தவறா என்று வீட்டுக்கு வீடு வாதம் நடந்தது. ஆனால் அவர் பிறரை ஏவிவிட்டுத் தாம் ஒதுங்கி நின்றார் என்று யாரும் சொல்ல முடியவில்லை. இரண்டாம் படத்தில் கிழவர் கைபேசித் திரையில் தோன்றி, "உங்கள் வீட்டுக் களையை நீங்களே பிடுங்குங்கள்" என்று இளைஞர்களுக்கு உபதேசிக்கிறார். பெரிய திருடர்களை அவரே ஒழிக்கிறார் என்பது வாஸ்தவம். ஆனால் வீட்டுக்குள் வரும் துன்பம் முழுவதும் அந்தப் பிள்ளைகளுடையது. பெற்ற தகப்பனைக் காட்டிக் கொடுத்த மகன் தாயை இழக்கிறான். 'வா' என்று கூவி அழைத்த ஜனங்களே 'போ' என்று கூவித் துரத்துகிறார்கள். திரையில் நடந்ததே கொட்டகையிலும் நடந்தது என்பதுதான் வேடிக்கை!

லஞ்சத்தை எதிர்ப்பதில் ஜனங்களுக்கு ருசி குறைந்துவிட்டது என்று சிலர் அங்கலாய்த்தார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. அந்த எதிர்ப்பின் விலை இந்த ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தெரியும். ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, இதே தாமிரபரணிக் கரையில், முறப்பநாடு கோவில்பத்துக் கிராம நிர்வாக அலுவலர் ஆற்று மணல் திருட்டைப் பற்றிப் போலீஸில் புகார் செய்தார். 2023-ஆம் வருஷம் ஏப்ரல் 25-ஆம் தேதி பட்டப் பகலில் அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து அவரை வெட்டிக் கொன்றார்கள். சில மாதங்களுக்குள் வழக்கு முடிந்து, குற்றவாளிகள் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்கு வர்மக் கலை தெரியாது. அவரிடம் இருந்தது ஒரு பேனாவும், கடமை என்ற எண்ணமுந்தான்.

இந்தச் செய்தியைப் படித்துப் பதினைந்து மாதம் ஆகாத ஜனங்கள்தான் அன்று எம்முடன் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் களை பிடுங்க வேண்டும் என்று யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பிடுங்குகிறவன் தனியாக நிற்கும்போது அவன் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பதே அவர்களுடைய கேள்வி. அந்தக் கேள்விக்குப் படத்தில் விடை இல்லை. அதனால்தான் பெஞ்சியில் நெளிந்தார்கள்.

படத்தின் முடிவில் மூன்றாம் பாகத்துக்கும் முன்னோட்டம் காட்டினார்கள். எத்தனை பாகம் எடுத்தாலும் நமக்கு ஆட்சேபமில்லை. கிழவருக்கு நூறு வயசானாலும் நம் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். நம் புராணங்களில் அதைவிட முதியவர்கள் யுத்தம் செய்திருக்கிறார்கள். ஆனால், உபதேசம் செய்கிறவர் முதலில் தம் கையிலிருந்து எதைக் கொடுக்கிறார் என்று அவர்கள் பார்த்துக்கொண்டேயிருப்பார்கள். டிக்கட்டுக்குக் காசு கொடுத்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு.