பருவும் பருவமும்: முகத்துக்கு எது நன்மை, எது கேடு

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள ஒரு குடியேற்றக் கிராமத்துக்கு நாம் போயிருந்தோம். 2007 இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து, வாவியைக் கடந்து வந்து, வயலுக்குத் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் பல அங்கு வாழ்கின்றன. கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் எம்மைத் தனியே அழைத்தார். "புள்ள பள்ளிக்குப் போக மாட்டன் எண்டு நிக்கிறா. முகமெல்லாம் பரு" என்றார்.

அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயது. அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை. யாரோ சொன்னதைக் கேட்டு, கடையில் ஒரு சிறு டப்பா கிறீம் வாங்கிப் பூசியிருக்கிறாள். முதல் வாரம் முகம் பளிச்சென்று இருந்தது. கிறீம் முடிந்து பூசுவதை நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தது. பரு முன்னையை விட அதிகமானது. டப்பாவில் செய்தவர் பெயரோ, சேர்ந்துள்ள பொருட்களின் பட்டியலோ இல்லை.

முகப்பரு உயிருக்கு ஆபத்தான நோயல்ல. ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பையும், ஒரு குடும்பத்தின் ஒருநாள் கூலியையும் அது பறிக்கக்கூடும். எனவே இதைப் பற்றித் தெளிவாக அறிந்துகொள்வோம்.

பரு ஏன் வருகிறது?

எமது தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் எண்ணெய் சுரக்கும் சிறு சுரப்பி உண்டு. பூப்பெய்தும் வயதில் ஆண், பெண் இருபாலாரின் உடலிலும் ஓமோன்கள் பெருகுவதால் இச்சுரப்பிகள் அதிக எண்ணெயைச் சுரக்கின்றன. தோலிலிருந்து உதிரும் இறந்த கலங்கள் இந்த எண்ணெயோடு சேர்ந்து மயிர்க்காலின் வாயை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில், எல்லோருடைய தோலிலும் இயல்பாக வாழும் ஒருவகைக் கிருமி பெருகுகிறது. அந்த இடம் சிவந்து வீங்குகிறது. இதுவே பரு.

இதிலிருந்து இரண்டு உண்மைகளை அறியலாம். ஒன்று, பரு அழுக்கினால் வருவதல்ல. பரு உள்ள பிள்ளையைத் துப்புரவற்றவள் என்று பேசுவது தவறு. மற்றையது, பரு ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றுவதல்ல. ஆனால் சொறி, படர்தாமரை ஆகியன தொற்றும். ஆகவே நெருக்கமாக வாழும் இடங்களில் ஆளுக்கொரு துவாய் வைத்துக்கொள்வது நல்லது.

கிரந்தி என்று உணவைத் தடுக்கலாமா?

பரு வந்ததும் இறால், நண்டு, முட்டை, கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி என்று நிறுத்திவிடுவது எம்மிடையே உள்ள வழக்கம். இந்த உணவுகளை நிறுத்தினால் பரு மாறும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அவற்றைச் சாப்பிட்டதும் உடல் கடித்துத் தடிப்பவர்களுக்கு அது ஒவ்வாமை. அவர்கள் தவிர்க்கத்தான் வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குத் தடுக்க வேண்டியதில்லை. மாதவிடாயினால் இரத்தம் இழக்கும் வயதுப் பிள்ளைக்கு மீனும் முட்டையும் கீரையும் மிக அவசியம்.

குறைக்க வேண்டியது சீனியையே. சீனி அதிகம் போட்ட தேநீர், சோடா வகைகள், இனிப்பு விசுக்கோத்து, வெள்ளை மாப் பண்டங்கள் ஆகியன இரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றுகின்றன. இவற்றைக் குறைத்தவர்கள் சிலருக்குப் பரு குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. சிவப்பரிசி, குரக்கன், பயறு, முருங்கை இலை, பொன்னாங்காணி ஆகியன எமது பழைய உணவுகள், உடலுக்கும் நல்லவை.

அன்றாடம் செய்ய வேண்டியவை

காலையும் மாலையும், வயலில் வியர்த்து வந்த பின்னும், முகத்தை மென்மையாகக் கழுவுங்கள். அடிக்கடி தேய்த்துக் கழுவினால் தோல் புண்ணாகிப் பரு கூடும். வாவிக்கு அண்மையில் உள்ள சில கிணறுகளின் நீர் உவராக இருக்கும். அதில் சவர்க்காரம் நுரைக்காது, தோலும் காய்ந்துபோகும். அத்தகைய இடங்களில் முகத்துக்கு மட்டுமாவது மழைநீரையோ குடிநீரையோ ஒரு செம்பு ஒதுக்கிக்கொள்ளலாம். உடுப்புக் கழுவும் சவர்க்காரத்தை முகத்தில் பாவிக்க வேண்டாம். நன்றாக அரித்த பயற்றம் மாவை நீரில் குழைத்துப் பூசி, தேய்க்காமல் கழுவலாம்.

தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றியில் வழிந்தால் மயிர்க்கால்களை அடைக்கும். நெற்றி ஓரத்தில் மட்டும் பரு உள்ளவர்கள் எண்ணெயைக் குறைத்து, முடியை முகத்தில் விழாமல் கட்டினாலே வித்தியாசம் தெரியும். உழவு இயந்திரத்தின் எண்ணெய் ஊறிய உடுப்போடு நாள் முழுதும் இருந்தால் தொடையிலும் கையிலும் பரு போன்ற கட்டிகள் வரும். வேலை முடிந்ததும் உடுப்பை மாற்றிக் குளியுங்கள்.

பருவைக் கிள்ளவும் பிதுக்கவும் வேண்டாம். பரு மாறிவிடும், பிதுக்கிய வடு நெடுநாள் நிற்கும்.

வீட்டு மருந்துகள்

கற்றாழையின் உள்ளிருக்கும் தெளிந்த சோறு எரிவைத் தணிக்கும். வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுதும் கழுவிய பின்னரே பூச வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் கிருமிகளைத் தடுப்பதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் முகப்பருவை அவை மாற்றும் என்பதற்கு உறுதியான சான்று குறைவு. பூசினால் சிலருக்கு ஆறுதல் கிடைக்கும், அவ்வளவுதான். எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். வேப்பெண்ணெயைக் குடிக்கக் கொடுக்க வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு அது நஞ்சு.

எலுமிச்சம் புளி பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். பற்பசையும் தோலை எரிக்கும். இவ்விரண்டையும் முகத்தில் பூச வேண்டாம்.

பெயரில்லாக் கிறீம்கள்

நாம் மிகவும் அஞ்சுவது இவற்றுக்கே. சில கிறீம்களில் ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கும். முதலில் அது சிவப்பை அடக்கும். நாளடைவில் தோல் மெலிந்து, நிறுத்தியதும் பரு பொங்கி எழும். நாம் சந்தித்த பிள்ளையின் முகத்தில் கண்டதும் இதைப் போன்றதே.

வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசியவரின் கையிலிருந்தும் துவாயிலிருந்தும் வீட்டிலுள்ள குழந்தைக்கும் போய்ச் சேரும். 2013 இல் உருவாகி 2017 இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய கிறீம்களைத் தடைசெய்கிறது. ஆயினும் அவை சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. செய்தவர் பெயரும் பொருட்பட்டியலும் இல்லாததை வாங்காதீர்கள். தங்கம், வெள்ளி, அலுமினியம் ஆகியவற்றில் படாமல் வைத்திருக்கவும் என்று எழுதியிருந்தால், அதில் பாதரசம் இருக்கக்கூடும் என்று கொள்ளுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

ஆழமான, வலிக்கும் கட்டிகள் இருந்தால், வடு விழத் தொடங்கினால், மாதவிடாய் ஒழுங்கின்றி முகத்தில் முடியும் வளர்ந்தால், வேறு நோய்க்கு மருந்து எடுக்கத் தொடங்கிய பின் பரு வந்தால், பிள்ளை மனமுடைந்து ஒதுங்கினால் தாமதிக்க வேண்டாம். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குப் பணம் இல்லை. பென்சோயில் பெரொக்சைட் 2.5 வீத மருந்து பலருக்குப் போதுமானது. இரவில், முதலில் ஒன்றுவிட்டொரு நாள் பூச வேண்டும். துணியில் பட்டால் சாயம் போகும். எந்த மருந்தும் பலன் காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்கக்கூடியவர்களும் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பருவுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் கருவைப் பாதிக்கும்.

விதைத்த மறுநாளே கதிரை எதிர்பார்க்கும் விவசாயி இல்லை. முகத்துக்கும் அந்தப் பொறுமையைக் கொடுப்போம். பெற்றோரே, உங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேலி பேசாதீர்கள், பேசவும் விடாதீர்கள். பரு இருக்கும்போதும் அவள் பள்ளிக்குப் போகட்டும். சில வருடங்களில் பரு போய்விடும்; படிப்பு அவளோடு நிற்கும்.