குடும்பத்துடன் பட்டணம் பார்த்துவருதல்: சொற்பச் செலவில் செய்யத்தக்க ஏற்பாடுகள்

தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து, நெல் வீடு வந்து சேர்ந்தபின், நமது விவசாயக் குடும்பங்களுக்குச் சில நாள் ஓய்வு கிடைக்கிறது. அந்நாட்களில் பெண்டு பிள்ளைகளையும் பெரியோரையும் அழைத்துக்கொண்டு சென்னைப் பட்டணமும் அதன் சுற்றுப்புறமும் பார்த்துவர விரும்புவோர் அநேகர். ஆயினும் முன்யோசனையின்றிப் புறப்பட்டு, வாடகை வண்டிக்கும் விடுதிக்கும் ஓட்டலுக்குமாக நெல் விற்ற பணத்தில் ஒரு பகுதியை இரண்டே நாளில் இறைத்துவிட்டுத் திரும்புவோரையும் காண்கிறோம். இவ்வித நஷ்டத்திற்கு அவசியமே இல்லை.

முதலில் வீட்டிலுள்ள ஏற்பாட்டைக் கவனிக்கவேண்டும். கறவை மாடு வைத்திருக்கும் வீட்டில், காலை மாலை இரு வேளையும் பால் கறக்கும் பெண்மணியே பிரயாணத்திற்கு வராமல் நின்றுவிடுவது வழக்கமாயிருக்கிறது. இது நியாயமன்று. அண்டை வீட்டார் இருவர் முறை வைத்துக்கொண்டு, ஒருவர் சென்றுவரும் நாளில் மற்றவர் மாடுகளைக் கவனித்துக்கொள்ளலாம். ஆனால் பழகாத கை பட்டால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். ஆகையால் புறப்படுவதற்கு நான்கைந்து நாள் முன்னதாகவே அண்டை வீட்டாரை உடனிருந்து கறக்கப் பழக்குவதும், தீவன வகையை மாற்றாதிருப்பதும் உத்தமம்.

தெற்கு ஜில்லாக்களிலிருந்து வருவோர் நேராகப் பட்டணத்தின் நடுவே போய் இறங்கி, பிறகு வெளியே உள்ள இடங்களைப் பார்க்கத் திரும்பி வருவது வீண் செலவாகும். பார்க்கத்தக்க இடங்களுள் முக்கியமானவை அவர்கள் வரும் வழியிலேயே இருக்கின்றன. 2023-ம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் தெற்கிலிருந்து வரும் வண்டிகள் நின்றுவிடுகின்றன. வண்டலூர் உயிரியல் பூங்கா அங்கிருந்து கூப்பிடு தூரந்தான். வெள்ளிக்கிழமை இரவு ஊரில் வண்டி ஏறினால், சனிக்கிழமை காலை முனையத்திலேயே கால்முகம் கழுவிக்கொண்டு பூங்காவிற்குச் செல்லலாம்.

இப்பூங்கா 1855-ல் சென்னை மியூசியத்தில் சிறு அளவில் ஆரம்பிக்கப்பட்டு, பின்னர் பட்டணத்தின் நடுவே பீப்பிள்ஸ் பார்க்கில் நெடுங்காலம் இருந்து, 1985-ல் வண்டலூருக்கு மாற்றப்பட்டது. விஸ்தீரணம் 602 ஹெக்டேர், அதாவது சுமார் 1,500 ஏக்கர். சில ஊர்களின் மொத்த நஞ்சையைக் காட்டிலும் இது அதிகம். ஆகவே எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாமென்று முதியோரை அழைத்துச் செல்வது சரியன்று. பாட்டரி வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கும். அச்செலவைப் பெரியோருக்கு மட்டும் செய்தாற் போதுமானது. செவ்வாய்க்கிழமைகளில் பூங்கா மூடப்பட்டிருக்குமென்பதை மறக்கலாகாது.

அன்று மாலை மின்சார ரயிலில் சொற்பக் கட்டணத்தில் செங்கற்பட்டுக்குச் சென்று தங்கலாம். பட்டணத்து விடுதிகளைக் காட்டிலும் அங்கு வாடகை குறைவு என்பதோடு, மறுநாள் விடியற்காலையில் வேடந்தாங்கல் போய்ச் சேர்வதற்கும் அதுவே சௌகரியமானது.

வேடந்தாங்கல் சாதாரணமான ஓர் ஏரி. பரப்பு சுமார் 30 ஹெக்டேர். ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் கார்த்திகை முதல் பங்குனி வரை நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம் முதலிய பட்சிகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. தை, மாசியில் சென்றால் தாய்ப்பறவைகள் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதைக் கரையில் நின்றே காணலாம். சூரியோதயத்திற்குப் பின் இரண்டு மணி நேரமும், பறவைகள் இரை தேடிக் கூடு திரும்பும் மாலை வேளையும் தகுந்தவை. நடுப்பகலில் சென்று, பறவையே இல்லையென்று குறைகூறுவோர் உண்டு. அது பறவையின் குற்றமன்று.

நம்மவர்க்கு இவ்விடம் வேடிக்கை மட்டுமன்று, பாடமும் ஆகும். பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து, தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த உரமாகிறது. அந்நீர் பாயும் வயல்களுக்கு அது கேளாமற் கிடைக்கும் எரு. இதையறிந்தே அவ்வூர்க் குடிகள் சட்டம் ஏதும் வருமுன்னரே பறவைகளைக் காத்துவந்தனர். 18-ம் நூற்றாண்டின் கடைசியில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, பறவைகளைப் பாதுகாக்கும் உரிமைக்குக் கௌல் பெற்றனர். 2022-ல் இவ்வேரியும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் உடன்படிக்கையின் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டன. தத்தம் கிராமத்து ஏரியின் பொறுப்பை ஏற்றிருக்கும் கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இவ்வேரியின் கரையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவருதல் நலம். ஒன்று கவனிக்கவேண்டும்: மழை பொய்த்து ஏரி நிரம்பாத வருஷத்தில் பறவைகள் தங்குவதில்லை. ஆகவே புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளவேண்டும்.

குழந்தைகள் கடலைக் காணவேண்டுமென்று கேட்பார்களாயின், செங்கற்பட்டுக்குத் திரும்பி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லலாம். ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் கட்டணம் உண்டு. 15 வயதுக்குட்பட்டோருக்கு இல்லை. அர்ச்சுனன் தபசுப் பாறையைத் தெருவில் நின்றே பார்க்கலாம். அதற்கு அருகே கிருஷ்ண மண்டபத்தில் ஒருவன் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கும் சிற்பம் இருக்கிறது. மாடு வளர்ப்போர் அதைப் பாராமல் திரும்பலாகாது. அதைச் செதுக்கியவன் மாட்டை நன்கு அறிந்தவன்.

மூன்றாவது நாளும், பட்டணத்தில் தங்க உறவினர் வீடும் உள்ளவர்கள் மட்டும் மெரினாவிற்குச் செல்லலாம். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டியபின் மணல் ஒதுங்கி அகன்ற கரை இது. காற்று வாங்கக் காசு வேண்டாம். ஆனால் அங்கே கடலில் இறங்கிக் குளிப்பது ஆபத்தானது. கரையை அடுத்தே ஆழமும், அடியில் இழுப்பும் உண்டு. ஆற்றிலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய நமது இளைஞர்களே இதில் அசட்டையாயிருக்கின்றனர். கிணற்று நீர் நிற்கும். அலை காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். கணுக்கால் அளவு நீருக்குமேல் எவரையும் விடலாகாது. காணும் பொங்கலன்று ஜனக்கூட்டம் மிகுதி. குழந்தைகள் காணாமற் போவதைத் தடுக்கக் காவல்துறையினர் அவர்கள் கையில் அடையாளப் பட்டை கட்டும் அளவிற்கு நெரிசல் இருக்கும். அந்த ஒரு நாளைத் தவிர்த்துவிடுவதே மேல். வேறெந்த நாளிலும் தகப்பனார் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டைக் குழந்தையின் சட்டைப்பையில் வைத்துத் தைத்துவிடலாம்.

ஆகார விஷயத்தில், முதல் நாளுக்குப் புளியோதரையும் எலுமிச்சஞ்சாதமும் கட்டிக்கொண்டு போகலாம். தயிர்ச்சாதம் மதியத்திற்குள் தீர்ந்துவிடவேண்டும். 2019 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் மாகாண முழுவதும் தடுக்கப்பட்டிருப்பதால், வாழையிலையும் எவர்சில்வர் தூக்கும் கொண்டுபோவது நல்லது. குடிநீர்க் கூஜா ஆளுக்கொன்று இருந்தால், வழியில் புட்டித் தண்ணீருக்குக் கொடுக்கும் பணம் மிச்சமாகும். ஊருக்குத் திரும்பும் வண்டிக்குரிய கட்டணத்தைப் புறப்படும்போதே தனியாக முடிந்து, வீட்டு அம்மாளிடம் ஒப்படைத்துவிடவேண்டும்.