டிக் சத்தம் கேட்டதா?

சுவருக்குள் ஒயர் இல்லை. உள்ளே பேட்டரியும் இல்லை. டேப் போட்டு டைல்ஸ் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அதை அழுத்தினால் கூடத்து லைட் எரிகிறது. கையோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அழுத்தினாலும் எரிகிறது. இந்த வகை சுவிட்சுகள் இப்போது நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்துவிட்டன.

இதற்குக் கரண்ட் தருவது உங்கள் விரல்தான். சுவிட்சுக்குள் ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு ஸ்பிரிங் இருக்கின்றன. அழுத்த அழுத்த ஸ்பிரிங் இறுகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பட்டென்று விடுபட்டு, காந்தத்தை மறுபக்கம் தள்ளிவிடும். அந்தக் கணத்தில் சுருளுக்குள் ஓடும் காந்தப்புலம் திசை மாறும். காந்தப்புலம் மாறினால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு அதிகமாகப் பிறக்கும். ஸ்பிரிங்கை அங்கே வைத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை. பாட்டி மெதுவாக அழுத்தினாலும் சரி, தம்பி ஓங்கிக் குத்தினாலும் சரி, காந்தம் பாய்வது ஒரே வேகத்தில்தான்.

கிடைக்கும் ஆற்றல் மிகக் கொஞ்சம். ஒரு பத்து ரூபாய் நாணயத்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கத்தான் அது போதும். 9 வாட் எல்இடி பல்பை அதைக் கொண்டு எரித்தால், ஒரு நொடியை 45,000 கூறாக்கியதில் ஒரு கூறு நேரம் எரியும். அதனால் விரல் லைட்டை எரிப்பதில்லை. ரேடியோ அலையில் ஒரு செய்தியை மட்டும் அனுப்புகிறது. ஜெர்மனியில் மியூனிக் நகருக்குப் பக்கத்தில் 2001-இல் தொடங்கிய என்ஓஷன் நிறுவனத்தின் சுவிட்சுகளில், ஒரு செய்தி ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட எடுக்காது. வழியில் தொலைந்துவிடக் கூடாது என்று அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி அடையாள எண் உண்டு. செய்தியோடு அதுவும் போகும்.

லைட்டுக்குப் பக்கத்தில் 230 வோல்ட் இணைப்போடு ஒரு ரிசீவர் காத்திருக்கும். அதற்குள் இருப்பது ரிலே. சின்ன மின்காந்தம் ஒன்று உலோக நாக்கை இழுத்து, இரண்டு முனைகளைச் சேர்த்துவைக்கும். அப்போது மெல்லிய 'டிக்' சத்தம் கேட்கும். இந்த யோசனை அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1830-களில் செய்து காட்டியது.

சரி, ஒருநாள் அழுத்துகிறீர்கள், லைட் எரியவில்லை. என்ன செய்வீர்கள்? நிறையப் பேர் உடனே புது சுவிட்ச் வாங்கப் போவார்கள். வேண்டாம். முதலில் காதைத் தீட்டுங்கள். டிவி, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒருவர் சுவிட்சை அழுத்தட்டும், இன்னொருவர் ரிசீவர் இருக்கும் இடத்துக்குக் கீழே நிற்கட்டும். கையில் இருக்கும் சுவிட்சும் 'டக்' என்று சத்தம் போடும், அதில் ஏமாந்துவிடாதீர்கள். மேலிருந்து 'டிக்' வந்ததா என்பதுதான் கேள்வி.

'டிக்' வந்தது, லைட் மட்டும் எரியவில்லை என்றால், விரல், காந்தம், ரேடியோ, ரிலேயின் மின்காந்தம் எல்லாமே ஒழுங்காக வேலை செய்கின்றன. பல்பு போயிருக்கலாம், ஒயர் கழன்றிருக்கலாம், ரிலேயின் முனைகள் கருகியிருக்கலாம். ஒரே ஒரு சத்தத்தில் பாதி சந்தேகம் தீர்ந்துவிட்டது பாருங்கள்!

'டிக்' வரவில்லையா? வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சுவிட்சை ரிசீவருக்கு அருகே கொண்டுபோய் அழுத்துங்கள். அங்கே வேலை செய்தால் பழுது சுவிட்சில் இல்லை, வழியில் இருக்கிறது. வழியில் புதிதாக ஒரு ஸ்டீல் பீரோவோ ஃபிரிட்ஜோ வந்திருக்கிறதா? இரும்புத் தகடு ரேடியோ அலையைத் தடுத்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும் அதைப் பலவீனமாக்கும். ரிசீவரையே இரும்புப் பெட்டிக்குள் மூடிவைத்தாலும் இதே கதைதான். சில ரிசீவர்களில் ஒரு துண்டுக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஆன்டெனா. 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கேட்கும் ரிசீவர் என்றால், அந்த அலையின் நீளம் சுமார் 34.5 சென்டிமீட்டர்; அதில் கால் பங்காக அந்தக் கம்பியை அளந்து வெட்டியிருப்பார்கள். அதைச் சுருட்டித் திணித்தால் கேட்கும் திறன் குறைந்துவிடும்.

பக்கத்தில் வைத்தும் வேலை செய்யவில்லை என்றால், ரிசீவர் இந்தச் சுவிட்சின் எண்ணைத் தன் நினைவில் வைத்திருக்கவில்லையோ என்று சந்தேகப்படலாம். மறுபடி சேர்த்துவைக்கும் முறை அதன் கையேட்டில் இருக்கும். கடையில் தனித்தனியாக வாங்கியிருந்தால் இரண்டிலும் அலைவரிசை ஒன்றுதானா என்று பாருங்கள். 433 மெகாஹெர்ட்ஸில் பேசும் சுவிட்சை 868 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் ரிசீவரால் கேட்கவே முடியாது.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு: லைட் அணையவே மாட்டேன் என்கிறது. எல்இடி பல்புக்குள் இருக்கும் மின்தேக்கி, கரண்ட் வந்த முதல் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ரிலேயின் முனைகளுக்கிடையே சின்னப் பொறி பறக்கும். ஒரே ரிலேயில் நிறைய எல்இடி விளக்குகளை மாட்டியிருந்தால், உலோகம் உருகி முனைகள் ஒட்டிக்கொள்ளலாம். அதன்பின் எத்தனை முறை அழுத்தினாலும் பிரியாது. ரிசீவரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் கரண்ட் போய் வந்ததும் லைட் தானாக எரிந்தால் பயப்படாதீர்கள். சில ரிசீவர்களை அப்படித்தான் அமைத்திருப்பார்கள்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பீரோவை நகர்த்திவிட்டுச் சுவிட்சையும் மாற்றினால், எதனால் சரியானது என்றே தெரியாமல் போகும். கண்டதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சுவிட்சில் வீட்டுக் கரண்ட் கிடையாது. அதைத் தாராளமாகக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ரிசீவரில் இருப்பது 230 வோல்ட். அதை நீங்கள் திறக்கவே கூடாது. எழுதிய தாளை எலக்ட்ரீசியன் அண்ணனிடம் கொடுங்கள். அவர் மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பார்ப்பார்.