தாமரை இலை கற்பிக்கும் பாடம்

உறவினரிடையே ஒட்டியும் ஒட்டாமலும் வாழ்வோரைத் 'தாமரை இலைத் தண்ணீர் போல' என்று நாம் சொல்வதுண்டு. அத்தண்ணீர் ஏன் இலையில் ஒட்டுவதில்லை? "இலை வழவழப்பாய் இருப்பதால்" என்றே பலரும் விடையிறுப்பர். உண்மையோ அதற்கு நேர்மாறானது. கண்ணுக்குத் தெரியாத கரடுமுரடே அவ்விலையை நனையாமல் காக்கிறது.

இதனைத் தெளிவுபடுத்தியவர் ஜெர்மனி நாட்டுத் தாவரவியல் பேராசிரியர் வில்ஹெல்ம் பார்த்லாட் ஆவார். 1970-களில் அவர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியே பலவகை இலைகளின் மேற்பரப்பை ஆராய்ந்தார். வழவழப்பான இலைகளில் தூசு படிந்திருந்தது. கரடான சில இலைகளோ எப்போதும் தூய்மையாக இருந்தன. அவற்றுள் தலைசிறந்தது தாமரை இலை. பான் பல்கலைக்கழகத்தில் அவரும் கிறிஸ்டோஃப் நைன்ஹூயிசும் நிகழ்த்திய ஆய்வு 1997-இல் வெளிவந்தது.

இலையின் அமைப்பு

தாமரை இலையின் மேற்புறமெங்கும் நுண்ணிய மேடுகள் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றின் அகலமும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கே. அம்மேடுகளின் மீது அவற்றினும் மிகச் சிறிய மெழுகுக் குழல்கள் அடர்ந்துள்ளன. மெழுகு இயல்பாகவே நீரை விலக்கும். அதனுடன் மேடுபள்ளமும் சேரும்போது, பள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது. சீப்பின் பற்கள் மீது வைத்த பந்தைப் போல, நீர்த்துளி மேடுகளின் உச்சியை மட்டுமே தொட்டுக்கொண்டு உருண்டையாய் நிற்கிறது. இலை சற்றே சாய்ந்தாலும் துளி உருண்டோடுகிறது. இலையை இறுகப் பற்ற இயலாத தூசு, துளியோடு ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது.

இவ்வேற்பாடு வீண் அழகுக்காக அன்று. தாமரை இலையின் மூச்சுத் துளைகள் மேற்புறத்தில் உள்ளன. அங்கே நீர் படர்ந்து நின்றால் காற்று உட்புக வழியில்லை. நோய் பரப்பும் பூஞ்சை வித்துகளும் முளைத்துவிடும். சேற்றில் வாழும் செடிக்குத் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் இலையைப் படைத்தவர் தந்திருக்கிறார்.

வாத்தின் இறகிலும் இதே நுட்பம் உண்டு. இங்கிலாந்தில் கம்பளித்துணி ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த காசி, பாக்ஸ்டர் என்னும் இருவர், இறகிழைகளுக்கிடையே அடைபட்ட காற்றே நீரைத் தாங்குகிறது என்பதை 1944-இல் கணக்கிட்டுக் காட்டினர்.

மனிதன் கண்ட குறுக்குவழி

ஆனால் தொழிலுலகம் வேறொரு வழியே விரைந்தது. 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்னும் வேதியியலார் தற்செயலாக டெஃப்லான் என்ற பொருளைக் கண்டார். கரியும் ஃபுளோரினும் இணைந்த பொருள் அது. 1950-கள் தொடங்கி, இவ்வினத்தைச் சேர்ந்த பல பொருள்கள் மழையங்கி, தரைவிரிப்பு, சமையல் பாத்திரம் ஆகியவற்றில் இடம்பெற்றன. இவை நீரை மட்டுமன்றி எண்ணெயையும் விலக்குவன. ஆதலால் மக்கள் மகிழ்ந்து ஏற்றனர்.

அவற்றின் வலிமையே பின்னர் தீமையாயிற்று. கரிக்கும் ஃபுளோரினுக்கும் இடையேயுள்ள பிணைப்பு மிக உறுதியானது. வெயிலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் அதனை எளிதில் சிதைக்க முடிவதில்லை. இவ்வினப் பொருள்கள் ஆற்றிலும் குடிநீரிலும் கலந்தன. மனிதரின் குருதியிலும், ஆலைகளே இல்லாத வடதுருவத்தில் வாழும் பனிக்கரடியின் உடலிலும் காணப்பட்டன. இவற்றுள் மிகுதியாய்ப் பரவிய இரண்டினை உலக நாடுகள் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கீழ் 2009-லும் 2019-லும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தன. அவற்றுள் ஒன்று மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று, உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023-இல் வகைப்படுத்தியது.

மீண்டும் இலையிடம்

இதனால் அறிஞர் பலர் இலையிடமே பாடம் கேட்கத் திரும்பியுள்ளனர். தாமரையின் அமைப்பைப் பின்பற்றிய சுவர் வண்ணப்பூச்சு 1999-இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. மழை பெய்தால் சுவரின் அழுக்கு துளிகளோடு வழிந்துவிடும்.

எனினும் குறைகள் உண்டு. நுண்மேடுகள் உராய்ந்தால் தேய்ந்துபோகும். இலை தன் மெழுகை மீண்டும் சுரக்க வல்லது. வண்ணப்பூச்சால் அது இயலாது. மேலும், நுண்மேடுகளை அமைத்துவிட்டு அவற்றின் மேல் அதே ஃபுளோரின் பொருளைப் பூசுவோரும் உளர். இலையின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் எளிமையை விட்டுவிட்டால், பாதிப் பாடமே கற்றவராவோம். தாமரையின் மெழுகு எளிய பொருள்களால் ஆனது. இலை மடிந்ததும் அது சேற்றோடு சேர்ந்து சிதைந்துபோகும்.

குடும்பங்கள் இங்கே செய்யத்தக்கது என்ன? அஞ்சி நடுங்கி வீட்டிலுள்ளவற்றை எல்லாம் வீசி எறிய வேண்டியதில்லை. புதிதாக வாங்கும்போது, ஃபுளோரின் சேர்ந்த பூச்சு உள்ளதா என்று கடையில் கேட்கலாம். பிள்ளையின் மழையங்கி நீரைத் தடுத்தால் போதும்; எண்ணெயையும் தடுக்க வேண்டிய தேவை அதற்கு என்ன? மேற்பூச்சு உரிந்த வாணலியை மாற்றும்போது இரும்பு வாணலியை எண்ணிப் பார்க்கலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், பூமியை நம் அனைவரின் பொது இல்லமாகக் காண நம்மை அழைத்தது. அப்பொது இல்லத்தின் பேணுதல் நம் அடுப்படியிலிருந்தே தொடங்கலாம்.

வயல்வெளி மலர்களை உற்று நோக்குமாறு ஆண்டவர் தம் சீடருக்குச் சொன்னார். உங்கள் பிள்ளைகளை இலைகளை உற்று நோக்கச் செய்யுங்கள். தாமரைக்குளம் அருகில் இல்லையெனில் சேம்பிலை போதும். அதற்கும் இத்தன்மை உண்டு. இலைமேல் சிறிது சாம்பலைத் தூவி, சில துளி நீர் விடச் சொல்லுங்கள். துளி உருண்டு சாம்பலை அள்ளிச் செல்வதைக் காண்பார்கள். அடுத்துச் சோப்பு நீரை விட்டால், அது உருளாமல் பரவி இலையை நனைக்கும். சிறிதளவு சோப்பே இத்துணை நுட்பமான அமைப்பைச் செயலிழக்கச் செய்கிறதென்றால், நாம் நாள்தோறும் குளத்திலும் ஆற்றிலும் கலக்கவிடும் பொருள்களைப் பற்றி எவ்வளவு எச்சரிக்கையாய் இருக்க வேண்டும் என்பதை அவர்களே உணர்ந்துகொள்வார்கள்.