இரு நகரங்கள், ஒரு குடும்பம்

மதுரையில் மாதம் 30,000 ரூபாய் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவருக்குச் சென்னையில் 35,000 ரூபாயில் வேலை கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 5,000 ரூபாய் கூடுதல் என்று மகிழலாமா? அதற்கு முன், ஒரு தாளில் அக்குடும்பத்தின் தேவைகளை இரு நகரங்களின் விலையிலும் எழுதிப் பார்க்கவேண்டும் என்பேன்.

கணக்கிற்காக நான் சில தொகைகளை வைத்துக்கொள்கிறேன். மதுரையில் வாடகை 8,000, உணவு 10,000, போக்குவரத்து 2,000, ஏனைய செலவு 10,000. ஆக 30,000 ரூபாய். சென்னையில் முறையே 15,000, 11,000, 3,000, 10,000. ஆக 39,000 ரூபாய். அதே வாழ்க்கையை நடத்த 9,000 ரூபாய் கூடுதலாக வேண்டும். அதில் 7,000 வாடகைக்கே போய்விடுகிறது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? இடம் பெயரக்கூடிய பண்டத்தின் விலை நகருக்கு நகர் பெரிதும் மாறுவதில்லை. ஓரூரில் அரிசி விலை மிக ஏறினால், வேற்றூர் அரிசி லாரியில் வந்து அதைத் தணிக்கும். வீட்டு மின்கட்டண விகிதமும் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே. ஆனால் நிலத்தை லாரியில் ஏற்ற இயலாது. வேலை தேடி மக்கள் திரளும் இடத்தில் வாடகை ஏறுகிறது. அவ்வாடகையைச் சுமக்கும் உணவுவிடுதியில் இட்டிலியின் விலையும் உடன் ஏறுகிறது.

மத்திய அரசின் சம்பள முறையும் இதனை ஒப்புக்கொள்கிறது. ஒரே நிலையில் உள்ள ஊழியருக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் இரு நகரங்களிலும் சமம். வீட்டு வாடகைப்படியோ, 2024 ஜனவரி முதல், சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவிகிதம், மதுரையில் 20 சதவிகிதம் என்றாயிற்று.

விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு இரு நகரங்களை ஒப்பிடுவோரும் உண்டு. அது பொருந்தாது. 2016ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டில், ஒவ்வொரு நகருக்கும் அவ்வாண்டின் விலையே 100 எனக் கொள்ளப்பட்டது. ஆகவே, ஒரு நகரில் விலை எவ்வளவு ஏறியது என்பதை அவ்வெண் கூறுமேயன்றி, எந்த நகரில் வாழச் செலவு மிகுதி என்பதைக் கூறாது.

முன்னேற்றம் கருதிச் சென்னைக்குச் செல்வது தவறன்று. ஆனால், நாம் கண்ட கணக்கில் மாதந்தோறும் 4,000 ரூபாய் துண்டு விழுகிறது. அதனை எவ்வாறு ஈடுசெய்வது, எந்த நன்மைக்காக ஏற்பது என்று தெளிந்த பின்னரே புறப்படவேண்டும். சம்பளம் எவ்வளவு என்று வினவும்போதே, வாடகை எவ்வளவு என்றும் வினவுங்கள்.