64 கேபி-யில் ஒரு பாகப்பிரிவினை!

உங்க லேப்டாப்பில் எத்தனை ஜிபி ரேம்? 8? 16? சரி, இந்த நிமிஷம் அதில் யார் யார் எவ்வளவு இடத்தை வளைச்சுப் போட்டு உட்கார்ந்திருக்காங்கன்னு சொல்லுங்க பார்ப்போம். திருதிருன்னு முழிக்கிறீங்களா? கவலைப்படாதீங்க, ஹாஸ்டல்ல முக்கால்வாசிப் பேர் நிலைமை அதுதான். 'மச்சி, லேப்டாப் ஸ்லோ... ரேம் போடணும்டா'ன்னு ஒரே வரியில் தீர்ப்பு எழுதிடுவோம். ஆனா, ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிட்டுப் போனதில், 2025-ன் கடைசி மாசங்களில் ரேம் விலை எகிறினது ஞாபகம் இருக்கில்ல? வாங்குறதுக்கு முன்னாடி, இருக்கிறதை எப்படிப் பங்கு போடுறதுன்னு தெரிஞ்சுக்கிறது பர்ஸுக்கு நல்லது.

அதைக் கத்துக்கொடுக்க ஒரு பழைய வாத்தியார் இருக்கார். அவர்கிட்ட மொத்தமே 128 கேபி-தான். ஜிபி இல்லை பாஸ், கேபி!

டிவியில் சொருகின கம்ப்யூட்டர்

1982-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்து சின்க்ளேர் கம்பெனி விட்ட மெஷின், இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். ரப்பர் கீபோர்டு, உள்ளே 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடுற இசட்-80 பிராசசர். மானிட்டர் கிடையாது, வீட்டு டிவிதான். ஹார்டு டிஸ்க் கிடையாது, பாட்டு கேட்கிற டேப் ரெக்கார்டர்தான். நம்ம நாட்டுக்கும் இது வந்தது. 1980-களின் பிற்பகுதியில் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் லைசென்ஸ் வாங்கி, 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்ற பெயரில் இங்கே விற்றது. அதே காலத்தில் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் ஸ்கூல்களுக்குப் போன பிபிசி மைக்ரோவில் 32 கேபி ரேம். ஸ்பெக்ட்ரமில் 48. உங்க அப்பா, சித்தப்பா யாராவது அப்போ கம்ப்யூட்டர் கிளாஸ் போயிருந்தா கேட்டுப் பாருங்க, கண்ணு மின்னும்.

ஒரே தலைவலி, டேப். நொடிக்கு சராசரியா 1,500 பிட் வேகத்தில்தான் அது வாசிக்கும். 16 கேபி புரோகிராமை ஏத்த ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம். பெரிய கேம்னா நாலஞ்சு நிமிஷம் 'கீஈஈ...'ன்னு கத்திக்கிட்டே இருக்கும். நடுவில் டேப் சொதப்பினா மறுபடி முதல்ல இருந்து!

சண்டே மார்க்கெட் டெக்னிக்

இசட்-80 பிராசசருக்கு 16 அட்ரஸ் லைன்தான். 2-ன் அடுக்கு 16, அதாவது 65,536 இடம். 64 கேபி. அதுக்கு மேல அதனால பார்க்கவே முடியாது. அதில் 16 கேபி ரோமுக்குப் போச்சு, மிச்சம் 48 கேபி ரேம். அப்புறம் எப்படி ஸ்பெக்ட்ரம் 128 என்று 128 கேபி ரேமோட ஒரு மாடல் வந்தது (ஸ்பெயினில் 1985, இங்கிலாந்தில் 1986)?

இதுக்கு விடை நம்ம பாண்டியிலேயே இருக்கு. காந்தி வீதிக்கு வாங்க. வார நாளில் அந்த இடத்தில் ஒரு கடைவரிசை. ஞாயித்துக்கிழமை அதே இடத்தில் சண்டே மார்க்கெட். தெரு அதே தெரு, விலாசம் அதே விலாசம். கடைதான் வேற. ஸ்பெக்ட்ரம் 128-ல் நடந்ததும் இதேதான். ரேமை 16 கேபி வீதம் 8 துண்டாக்கி, 0 முதல் 7 வரை நம்பர் போட்டாங்க. ஒரு துண்டுக்கு 'பேங்க்'னு பேர். 49,152-ல் ஆரம்பிக்கிற ஜன்னல் வழியா ஒரு நேரத்தில் ஒரு பேங்க்தான் தெரியும். 32,765-ம் நம்பர் போர்ட்டுக்கு ஒரு எண்ணை அனுப்பினா, அதே ஜன்னலில் வேற பேங்க் வந்து நிக்கும். பேங்க் ஸ்விட்சிங்னு மைக்ரோபிராசசர் பேப்பரில் மனப்பாடம் பண்றோமே, அந்த மேட்டர் இதுதான்.

பொய் டிஸ்க், நிஜ வேகம்

இதில் ஒரு சிக்கல். பேசிக் மொழி பழைய 48 கேபி கணக்கில் வளர்ந்தது. ஜன்னலுக்குப் பின்னாடி இருக்கிற மத்த பேங்க்கில் அதனால நேரடியா புரோகிராம் வைக்க முடியாது. வாங்கின மெமரி சும்மா கிடக்குமே! அதனால, அந்த உபரி பேங்க்குகளை டிஸ்க் மாதிரி நடிக்க வச்சாங்க. அதுதான் ரேம் டிஸ்க். சேவ் கமாண்டுக்குப் பின்னாடி ஒரு ஆச்சரியக்குறி போட்டா, புரோகிராம் டேப்புக்குப் போகாம ரேம் டிஸ்க்குக்குப் போகும். லோடும் அப்படியே. நியூ கமாண்டு குடுத்து பேசிக் புரோகிராமை அழிச்சாலும், ரேம் டிஸ்க்கில் இருக்கிறது பத்திரமா இருக்கும். ஒன்றரை நிமிஷ 'கீஈஈ' காணாமப் போச்சு.

1986-ல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் பிசினஸை ஆம்ஸ்ட்ராட் வாங்கினது. 1987-ல் 3 இன்ச் டிஸ்க் டிரைவோட ஸ்பெக்ட்ரம் பிளஸ் 3 வந்தது. டிஸ்க்கின் ஒரு பக்கத்தில் 173 கேபி பிடிக்கும். நிஜ டிஸ்க்குக்கு ஏ, ரேம் டிஸ்க்குக்கு எம் என்று டிரைவ் எழுத்து குடுத்தாங்க. நம்ம பாகப்பிரிவினை ஆரம்பிக்கிறது இங்கேதான்.

128 மனை... யாருக்கு எவ்வளவு?

பிளஸ் 3-ல் இருக்கிற 8 பேங்க்கில் 5, 2, 0 மூணும் ஸ்கிரீனுக்கும் பேசிக்குக்கும். 7-ஐ சிஸ்டமும் டாஸும் தங்களோட வேலைக்கு வச்சுக்கும். மிச்சம்? 1, 3, 4, 6. நாலு பேங்க், மொத்தம் 64 கேபி. இதைப் பங்கு போடுற டாஸ் ரொட்டீனுக்குப் பேரே 'டாஸ் செட் 1346'! ரகசிய பின் நம்பர் மாதிரி இருந்தாலும், வெறும் பேங்க் நம்பர்கள்தான்.

இந்த 64 கேபி-யை 128 மனையாப் பிரிச்சு வச்சிருக்கு டாஸ். ஒரு மனை 512 பைட். பேங்க்குக்கு 32 மனை. இதில் பங்கு கேட்டு நிக்கிறவங்க மூணு பேர்:

* ரேம் டிஸ்க்: நீங்க வேகமா எடுக்க வேண்டிய ஃபைல்கள்.
* கேஷ்: நிஜ டிஸ்க்கில் இருந்து சமீபத்தில் படிச்ச செக்டார்களை டாஸ் ஞாபகம் வச்சுக்கிற இடம். இது இருந்தா டிரைவ் அடிக்கடி சுத்த வேண்டாம்.
* நீங்க: ஆமா, உங்க புரோகிராம். மேப், படம், மியூசிக்னு வைக்க உங்களுக்கும் இடம் வேணுமே!

டாஸ் செட் 1346-க்கு நாலே நாலு எண்தான் குடுக்கணும். கேஷ் எந்த மனையில் ஆரம்பிக்குது, அதுக்கு எத்தனை மனை. ரேம் டிஸ்க் எந்த மனையில் ஆரம்பிக்குது, அதுக்கு எத்தனை மனை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா? நீங்க ஒரு கேம் எழுதுறீங்க. லெவல் மேப்புக்கு 32 கேபி வேணும். கேஷுக்கு 8 கேபி, ரேம் டிஸ்க்குக்கு 24 கேபி போதும்.

* கேஷ் 8 கேபி = 16 மனை. 0-ல் ஆரம்பிச்சு 15 வரை.
* ரேம் டிஸ்க் 24 கேபி = 48 மனை. 16-ல் ஆரம்பிச்சு 63 வரை.
* மொத்தம் 64 மனை. 1-ம், 3-ம் பேங்க் ஃபுல். 4-ம் 6-ம் முழுசா உங்களுக்கு. 32 கேபி, டாண்!

ஆக, குடுக்க வேண்டியது 0, 16, 16, 48. மேட்டர் ஓவர்.

இதைச் செய்யாம நேரா 4-ம் பேங்க்கில் மேப்பை எழுதினா? மெஷின் தடுக்காது. இசட்-80-யில் மெமரி பாதுகாப்புன்னு ஒண்ணு கிடையாது. ரேம் டிஸ்க் அதே இடத்தில் ஒரு ஃபைலை வச்சிருந்தா, அது மேலேயே உங்க மேப் உட்காரும். எர்ரர் மெசேஜ் வராது. பத்து நிமிஷம் கழிச்சு அந்த ஃபைலைத் திறக்கும்போதுதான் குப்பையா வந்து நிக்கும். பத்திரம் பதியாம வீடு கட்டின கதைதான்!

ரூல்ஸும் உண்டு. எம் டிரைவில் எந்த ஃபைலும் திறந்திருக்கக் கூடாது. ரேம் டிஸ்க்கோட அளவையோ இடத்தையோ மாத்தினா, அதில் இருக்கிற எல்லா ஃபைலும் அழிஞ்சுடும். ரேம் டிஸ்க் வேணும்னா குறைஞ்சது 4 மனை குடுக்கணும். வேண்டாம்னா 0. அதனால புத்திசாலிகள் புரோகிராம் ஆரம்பிச்ச உடனே, முதல் வேலையா பங்கு பிரிச்சுடுவாங்க. பாதியில் பிரிச்சா சண்டைதான், வீட்லயும் மெமரியிலயும்!

கரண்ட் போச்சா... எல்லாம் போச்சு!

ரேம் டிஸ்க்கோட பெரிய பலவீனம் ஒண்ணுதான். சுவிட்சை அணைச்சா டிரைவே காலி. 2011 டிசம்பர் 30 'தானே', 2024 நவம்பர் 30 'ஃபெஞ்சல்' என ரெண்டு புயலையும் பார்த்த நம்ம ஊருக்கு கரண்ட் கட் பத்தி யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம். ஒரே ஒரு செகண்ட் லைட் மினுக்கினா போதும், சாயங்காலம் பூரா டைப் பண்ணின புரோகிராம் கடலோட போயிடும்.

அந்தக் காலத்து ஆளுங்க இதுக்கு வச்சிருந்த வழி சிம்பிள். வேலை எம்-இல், காப்பி ஏ-இல். எம்-இல் இருக்கிற ஃபைலை ஏ-க்கு காப்பி பண்ண ஒரே ஒரு கமாண்டு. அதை அடிக்கடி அடிக்கணும், அவ்வளவுதான். வேகத்துக்கு ஒரு இடம், பத்திரத்துக்கு ஒரு இடம். ரெண்டையும் குழப்பிக்கிட்டவன் அழுதான்.

அமிகா காட்டின ரெண்டு ரூட்டு

1987-ல் வந்த கமடோர் அமிகா 500-ல் ரெண்டு வகை ரேம் டிஸ்க் உண்டு. 'ரேம்' என்கிறது ரப்பர் பேண்ட் மாதிரி. ஃபைல் வந்தா விரியும், அழிச்சா சுருங்கும். அளவு சொல்லவே வேண்டாம். 'ரேட்' என்கிறது காம்பவுண்டு சுவர் கட்டின மனை. ஒரு சிலிண்டருக்கு 11 கேபி வீதம், எத்தனை சிலிண்டர்னு ஒரு ஃபைலில் எழுதி வைக்கணும். 80 சிலிண்டர்னா 880 கேபி, ஒரு ஃப்ளாப்பி அளவு. காலியா இருந்தாலும் அந்த இடம் அதுக்குத்தான். ஆனா ஒரு லாபம், மெஷின் ஹேங் ஆகி ரீசெட் பண்ணினாலும் ரேட்-ல இருக்கிறது பிழைச்சுக்கும். கரண்ட் போனா ரெண்டுமே அவுட்!

உங்க லேப்டாப்பில் இன்னிக்கே பாருங்க

'எல்லாம் மியூசியம் கதை'ன்னு பேப்பரை மடிச்சுடாதீங்க. உங்க லினக்ஸ் லேப்டாப்பிலும் ஒரு ரேம் டிஸ்க் இருக்கு. பேரு டெம்ப்-எஃப்எஸ். அமிகாவின் ரப்பர் பேண்ட், பிளஸ் 3-ன் மனைக்கணக்கு ரெண்டையும் கலந்த அவியல் அது. ஃபைல் வரும்போதுதான் இடம் எடுக்கும். ஆனா, இதுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு உச்சவரம்பு உண்டு. நீங்க எதுவும் சொல்லலைன்னா, அது மொத்த ரேமில் பாதி. 8 ஜிபி லேப்டாப்பில் கிட்டத்தட்ட 4 ஜிபி! மெமரி நெருக்கடி வந்தா, இதில் இருக்கிறதை சிஸ்டம் ஸ்வாப்புக்குத் தள்ளும். அப்போ 'ரேம் வேகம்' என்கிறதும் கோவிந்தா.

2025-ல் வந்த டெபியன் 13-ல் டெம்ப் ஃபோல்டரே புதுசா இன்ஸ்டால் பண்ணும்போது இந்த வகையில்தான் வருது. அதாவது, பெரிய ஜிப் ஃபைலை அங்கே பிரிச்சா, நீங்க தின்னுறது டிஸ்க்கை இல்லை, ரேமை. ப்ரௌசர் திடீர்னு முக்கினா, பழி யார் மேலன்னு இப்போ புரியுதா?

லேப்ல அஞ்சே நிமிஷம் போதும், செஞ்சு பாருங்க:

* டெர்மினலில் 'டிஎஃப் -எச்' அடிங்க. டெம்ப்-எஃப்எஸ்னு வர்ற வரிகள்தான் உங்க ரேம் டிஸ்க்குகள். அளவு, உபயோகம் ரெண்டும் தெரியும்.
* 'ஃப்ரீ -எச்' அடிச்சு, 'ஷேர்ட்' காலத்தில் இருக்கிற எண்ணைக் குறிச்சுக்கோங்க.
* அந்த ரேம் டிஸ்க் ஒண்ணில் 500 எம்பி சினிமா ஃபைல் ஒண்ணை காப்பி பண்ணி, மறுபடி பாருங்க. எண் ஏறியிருக்கும். அழிச்சா இறங்கும்.
* உச்சவரம்பை மாத்தணுமா? மவுன்ட் கமாண்டில் 'ரீமவுன்ட்' கூட 'சைஸ்' ஆப்ஷனைச் சேர்த்தா போதும். பிளஸ் 3 மாதிரி இல்லை, இதில் ஃபைல் அழியாது.

ஃபோன் விளம்பரத்தில் '8 ஜிபி + 8 ஜிபி விர்ச்சுவல் ரேம்'னு போடுறாங்களே, அது இதோட தலைகீழ். ரேமை டிஸ்க்கா நடிக்க வைக்கிறது ரேம் டிஸ்க். ஸ்டோரேஜை ரேமா நடிக்க வைக்கிறது விர்ச்சுவல் ரேம். நடிகர் மாறினா வேகமும் மாறும். ரெண்டாவது 8-க்காக எக்ஸ்ட்ரா காசு குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

நிஜ ஸ்பெக்ட்ரம் கையில் கிடைக்கலைன்னா?

'ஃப்யூஸ்' என்ற இலவச எமுலேட்டரை லேப்டாப்பில் போட்டுக்கலாம். ஸ்பெக்ட்ரம் ரோம்களை எமுலேட்டர்களோட சேர்த்துத் தர 1999-லேயே ஆம்ஸ்ட்ராட் ஓகே சொல்லிடுச்சு. மெஷின் லிஸ்டில் பிளஸ் 3-ஐத் தேர்ந்தெடுங்க. பேசிக்கில் நாலு வரி புரோகிராம் எழுதி, இங்கிலீஷில் எம் எழுத்தும் கோலனும் போட்டு சேவ் பண்ணுங்க. நியூ அடிங்க. திரும்ப லோட் பண்ணுங்க. வருதா? அப்புறம் ரீசெட் பண்ணிட்டு லோட் பண்ணிப் பாருங்க. வராது!

அசெம்பிளி தெரிஞ்ச இசிஇ, சிஎஸ்இ மக்களுக்கு ஒரு சவால். டாஸ் செட் 1346 இருக்கிற விலாசம் 319. கூப்பிடுறதுக்கு முன்னாடி டாஸ் ரோமையும் 7-ம் பேங்க்கையும் ஜன்னலுக்குக் கொண்டு வரணும். ஸ்டேக் 49,152-க்குக் கீழே இருக்கணும், இல்லைன்னா பேங்க் மாறும்போது ஸ்டேக்கும் மறைஞ்சு மெஷின் மல்லாந்துடும். மேல போட்ட 0, 16, 16, 48 கணக்கை ஓட வச்சு, 4-ம் பேங்க்கில் உங்க பேரை எழுதிட்டு வாங்க. அடுத்த வைவாவில் 'பேங்க் ஸ்விட்சிங்னா என்னப்பா?'ன்னு கேட்டா, பதில் சொல்லாதீங்க. எமுலேட்டரைத் திறந்து காட்டுங்க!